இரண்டு விரலின் வாரிசுகள்

1965. இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரில் தகடு வெட்டும் ஆலை ஒன்று. டோனி அயோமி என்ற 17 வயதுப் பையனுக்கு அன்று அங்கே கடைசி நாள் வேலை. இனி கிடார்தான் பிழைப்பு என்று தீர்மானித்திருந்தான். வேலை முடிவதற்குள் இயந்திரம் அவனது வலது கையின் நடுவிரல், மோதிர விரல் இரண்டின் நுனிகளையும் வாங்கிக்கொண்டது. பையன் இடக்கைக்காரன். தந்திகளை அழுத்த வேண்டியது அந்த வலது கைதான். மருத்துவர்கள் கிடாரை மறந்துவிடச் சொன்னார்கள்.

சில நாட்கள் கழித்து ஆலையின் மேஸ்திரி ஒரு இசைத்தட்டோடு வந்தார். பையனுக்கு எந்தக் கிடாரையும் கேட்கும் மனநிலை இல்லை. வற்புறுத்திக் கேட்க வைத்த பிறகுதான் விஷயத்தைச் சொன்னார். இதை வாசிப்பவரின் இடது கையில் தந்தி மேல் ஓடக்கூடிய விரல்கள் இரண்டே இரண்டு.

அயோமி பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கித் தன் விரல் நுனிகளுக்குத் தொப்பி செய்துகொண்டார். மேலே தோலை ஒட்டினார். சாதாரணத் தந்திகள் வலித்ததால் மெல்லிய தந்திகளைத் தேடிப் போட்டார். பின்னாளில் அழுத்துவது இன்னும் சுலபமாகட்டும் என்று தந்திகளைத் தளர்த்திச் சுருதியையும் இறக்கினார். 1970ல் முதல் ஆல்பத்தை வெளியிட்ட 'பிளாக் சப்பாத்' குழுவின் அந்தக் கனத்த, இருண்ட ஒலிக்கு இதுவும் ஒரு காரணம். ஹெவி மெட்டல் என்று உலகெங்கும் இளைஞர்கள் தலையாட்டும் சங்கீதத்தின் வம்சாவளியில் இப்படி ஒரு மேஸ்திரியும் ஒரு ஜாஸ் தட்டும் இருக்கின்றன.

தட்டில் வாசித்தவர் ஜாங்கோ ரைன்ஹார்ட். அப்போது அவர் இறந்து 12 ஆண்டுகள் ஆகியிருந்தன.

ஜாங்கோ 1910 ஜனவரி 23 அன்று பெல்ஜியத்தில் லிபெர்ஷி என்ற ஊரருகே ஒரு கூண்டு வண்டியில் பிறந்தார். மற்றவர்கள் 'ஜிப்ஸி' என்று அழைத்த மக்களில் ஒருவர். அந்தச் சொல்லை அவர்களில் பலர் இன்று விரும்புவதில்லை. ரோமா என்பதே பொதுப்பெயர். ஜாங்கோவின் பிரிவுக்கு மனூஷ் என்று பெயர். சொல்லை இரண்டு முறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தால் போதும், அர்த்தம் சொல்ல அகராதி வேண்டாம். மனுஷன் என்பதுதான் அது. சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இந்தியாவின் வடமேற்கிலிருந்து கிளம்பியவர்களின் மொழியில் தண்ணீர் இன்னமும் 'பானி', மூக்கு 'நாக்', காது 'கான்'. ஜாங்கோ என்ற பெயருக்கு 'விழிக்கிறேன்' என்று பொருள் சொல்கிறார்கள். இந்தி தெரிந்தவர்களுக்கு 'ஜாக்னா' ஞாபகம் வரும். (கௌபாய் படங்களின் ஜாங்கோவுக்கும் இவர் நினைவாகவே பெயர் வைத்ததாகச் சொல்லப்படுகிறது. 1966ல் வந்த முதல் படத்தில் அந்த நாயகனின் கைகளும் நசுக்கப்படுகின்றன.)

வளர்ந்தது பாரிஸின் எல்லையில், குப்பை மேடுகளுக்கு நடுவே இருந்த வண்டி முகாம்களில். எழுதப் படிக்கக் கற்கவில்லை. பன்னிரண்டு வயதில் கையில் பாஞ்சோ கிடார் வந்தது. விரைவிலேயே நடன விடுதிகளில் அக்கார்டியன் கலைஞர்களுக்குப் பக்கவாத்தியம். 1928ல் முதல் இசைத்தட்டு. அதன் லேபிளில் பெயரைக்கூட ஒழுங்காக அச்சிடவில்லை.

அதே ஆண்டின் பிற்பகுதியில், ஓர் இரவு, வண்டி தீப்பிடித்தது. மனைவி விற்பனைக்காகச் செய்து வைத்திருந்த செல்லுலாய்ட் பூக்களில் மெழுகுவர்த்தி நெருப்பு பற்றிக்கொண்டது. 18 வயது ஜாங்கோவின் காலும் இடது கையும் வெந்தன. காலை எடுத்துவிடலாம் என்றார்கள் மருத்துவர்கள்; அவர் சம்மதிக்கவில்லை. ஒன்றரை ஆண்டு படுக்கை. தம்பி ஜோசப் ஒரு கிடார் கொண்டுவந்து கொடுத்தார். இடது கையின் மோதிர விரலும் சுண்டுவிரலும் உள்ளங்கை நோக்கி மடங்கியபடி நின்றுவிட்டன. மிஞ்சியவை சுட்டு விரலும் நடுவிரலும்.

நான்கு விரல்காரர் கழுத்தின் ஒரே இடத்தில் கையை வைத்துக்கொண்டு, தந்தி விட்டுத் தந்தி தாவி ஒரு வரிசையை வாசித்துவிடலாம். இரண்டு விரல்காரருக்கு அது ஆகாது. அவர் கிடாரின் கழுத்து நெடுக ஓட வேண்டும். மேலும் கீழும் பாய்ந்து ஓடும் இந்தக் கையில் சுரங்கள் ஒன்றையொன்று துரத்துவதுபோல ஒலித்தன. மடங்கிய விரல்களும் சும்மா இருக்கவில்லை. கார்ட் பிடிக்கும்போது கடைசி இரண்டு தந்திகள் மேல் கொக்கிபோல் வந்து விழுந்தன. வலது கையோ முழு பலத்தோடு இருந்தது. தடித்த பிக்கால் மேலிருந்து கீழாக அடித்து அடுத்த தந்தியில் இளைப்பாறும் அடி. ஒலிபெருக்கி இல்லாத விடுதியில் அக்கார்டியனின் இரைச்சலைத் தாண்டிக் கேட்க வேண்டுமே.

1931 வாக்கில் லூயி ஆர்ம்ஸ்ட்ராங்கின் தட்டுகளைக் கேட்டார். 1934ல் வயலின் கலைஞர் ஸ்டெஃபான் கிராப்பெல்லியோடு சேர்ந்து 'ஹாட் கிளப் ஆஃப் பிரான்ஸ்' ஐவர் குழு உருவானது. ஒரு வயலின், மூன்று கிடார், ஒரு பேஸ். டிரம்ஸ் இல்லை, பித்தளை ஊதுகுழல்கள் இல்லை. அமெரிக்கக் கறுப்பினத்தவரின் ஜாஸைக் கேட்டுப் பழகியவர்களுக்கு இது மிருதங்கம் இல்லாத கச்சேரி மாதிரி. தாளத்தை மற்ற இரண்டு கிடார்களும் ஏற்றன. இரண்டாவது, நான்காவது அடிகளில் தந்தியை அறைந்து உடனே அமுக்கிவிடும் அந்த அடிக்கு 'லா போம்ப்' என்று பெயர். பம்பு அடிப்பது போன்ற அசைவு. கூடவே செல்மர் நிறுவனத்தின் கிடார். இத்தாலியரான மக்காஃபெர்ரி வடிவமைத்து 1932ல் வந்தது. 1952ல் உற்பத்தி நிற்கும்வரை செய்தது ஆயிரத்துக்கும் குறைவு.

அதுவரை ஜாஸ் என்பது அமெரிக்காவிலிருந்து வந்து இறங்கும் சரக்கு. ஐரோப்பாவிலிருந்து அமெரிக்கர்கள் காது கொடுத்துக் கேட்ட முதல் ஜாஸ் கலைஞர் என்று ஜாங்கோவைச் சொல்வது மிகையாகாது.

வெளியாட்கள் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டவற்றைப் பட்டியல் போடுவது சுலபம். பி.பி. கிங் தன் ஆதர்சங்களில் ஒருவராக அவரைச் சொன்னார். வில்லி நெல்சன் நாட்டுப்புற அமெரிக்கப் பாடல்களுக்கு நடுவே ஜாங்கோவின் 'நுவாஜ்' இசையை விடாமல் வாசித்து வந்தார். 'கிரேட்ஃபுல் டெட்' குழுவின் ஜெர்ரி கார்ஸியா, சிறுவயதில் வலது கையின் நடுவிரலை இழந்தவர், ஜாங்கோ பக்தர். ஜான் லூயிஸ் 'ஜாங்கோ' என்றே பெயரிட்டு ஒரு இரங்கல் இசை அமைத்தார். அது ஜாஸ் உலகில் நிலைத்துவிட்டது. ஜோ பாஸ் 1964ல் 'ஃபார் ஜாங்கோ' என்று ஒரு ஆல்பமே செய்தார். ஆனால் இவர்கள் யாரும் ஜாங்கோ மாதிரி வாசிக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஒருவர் தொனியை எடுத்தார், ஒருவர் துணிச்சலை எடுத்தார், அயோமி நம்பிக்கையை மட்டும் எடுத்துக்கொண்டார். பிறகு அவரவர் வழி.

இந்தக் கிளைகளில் ஒன்று சென்னை வரை நீள்கிறது. யார்க்ஷயர் பையனான ஜான் மெக்லாக்லின் 11 வயதில் கிடாரை எடுத்தபோது காதில் விழுந்தவர்களில் ஜாங்கோவும் கிராப்பெல்லியும் உண்டு. 1970களின் மத்தியில் அவர் எல். சங்கர், ஜாகிர் உசேன், விக்கு விநாயக்ராம் ஆகியோருடன் 'சக்தி' குழுவை அமைத்தார். வயலினும் மின்சாரம் இல்லாத கிடாரும் எதிரெதிரே உட்கார்ந்து ஓட்டப்பந்தயம் நடத்தும் அமைப்பு, பக்கத்தில் டிரம்ஸ் கிடையாது. இதை 1934ன் நேரடிப் பேரன் என்று சொன்னால் அதிகம். தூரத்துச் சொந்தம் என்று தாராளமாகச் சொல்லலாம். சங்கரின் அண்ணன் எல். சுப்பிரமணியமோ 1984ல் கிராப்பெல்லியுடனேயே 'கான்வர்சேஷன்ஸ்' என்று ஒரு ஆல்பம் வாசித்தார்.

வெளியாட்கள் கதை இவ்வளவுதான். சிக்கலானது, சுவாரசியமானது வீட்டுக்காரர்களின் கதை.

1939 செப்டம்பரில் போர் மூண்டபோது குழு லண்டனில் இருந்தது. கிராப்பெல்லி அங்கேயே தங்கிவிட்டார். ஜாங்கோ பாரிஸ் திரும்பினார். ஜெர்மானியர் பிடித்த பாரிஸில் அவர் நட்சத்திரமானார். 'நுவாஜ்' 1940ல் பதிவானது. அதே காலத்தில் பிரெஞ்சு அரசு 'நாடோடிகள்' என்று முத்திரை குத்தி 6,000க்கும் மேற்பட்டவர்களைச் சுமார் 30 முகாம்களில் அடைத்து வைத்திருந்தது. 1912ம் ஆண்டுச் சட்டப்படி, அளவெடுத்த அங்க அடையாளங்களோடு கூடிய கையேட்டை அவர்கள் ஏற்கெனவே சுமந்துகொண்டிருந்ததால் ஆள் பிடிப்பதும் எளிதாயிற்று. ஐரோப்பா முழுவதும் ஹிட்லர் ஆட்சியும் கூட்டாளிகளும் கொன்ற ரோமா மக்கள் இரண்டு லட்சம் முதல் ஐந்து லட்சம் வரை என்று மதிப்பிடுகிறார்கள். கணக்கு இவ்வளவு விரிந்து நிற்பதே அவர்களை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை என்பதற்குச் சாட்சி. ஜாங்கோ 1943ல் சுவிட்சர்லாந்துக்குத் தப்ப முயன்றார். ஒருமுறை ஜெர்மானியரிடம் பிடிபட்டு, விசாரித்த அதிகாரி அவர் ரசிகராக இருந்ததால் உயிரோடு திரும்பினார். மறுமுறை சுவிஸ் காவலர்களே திருப்பி அனுப்பினார்கள். பிரான்ஸில் போர் முடிந்த பிறகும் முகாம்களில் கடைசி ஆட்களை 1946ல்தான் விட்டார்கள். இதில் தன் நாட்டின் பொறுப்பை பிரெஞ்சு ஜனாதிபதி ஒருவர் பகிரங்கமாக ஒப்புக்கொண்டது 2016ல்.

ஜாங்கோ 1953 மே மாதம், 43 வயதில், மூளை ரத்தக்கசிவால் இறந்தார்.

மத்திய பிரான்ஸின் மனூஷ் குடும்பங்களோடு நெருங்கிப் பழகிய மானுடவியலாளர் பாட்ரிக் வில்லியம்ஸ் 1993ல் வெளியிட்ட நூலில் அவர்களது ஒரு வழக்கத்தை விவரிக்கிறார். இறந்தவர் பெயரை அவர்கள் உச்சரிப்பதில்லை. அவர் பயன்படுத்திய பொருட்களை எரித்துவிடுவார்கள், அல்லது கண்ணில் படாமல் அகற்றிவிடுவார்கள். நினைவு கூர்வது என்றால் பேசுவது, சிலை வைப்பது, நினைவு மலர் போடுவது என்று பழகிய நமக்கு இது புதிர். அவர்களுக்கோ வாயை மூடிக்கொள்வதுதான் மரியாதை. ஜாங்கோவின் செல்மர் கிடார், எண் 503, எரியவில்லை. மனைவி நகீன் அதை 1964ல் பாரிஸில் உள்ள அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டார். செத்தவர் பெயரைச் சொல்லாத ஒரு சமூகம் இந்த ஒரு செத்தவரின் சுரங்களைத் தினம் வாசித்துக்கொண்டிருக்கிறது. பேசக்கூடாது என்றுதான் வழக்கம். வாசிக்கக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை.

இன்று 'ஜிப்ஸி ஜாஸ்', 'மனூஷ் ஜாஸ்' என்று தனிப் பிரிவாகக் கடைகளில் விற்பது ஜாங்கோ உயிரோடிருந்தபோது இல்லாத ஒன்று. அவர் வாசித்தது ஜாஸ், அவ்வளவுதான். அது குலச்சொத்தானது அவருக்குப் பின்னால். ஜெர்மனியில் ஷ்னுக்கெனாக் ரைன்ஹார்ட் என்ற வயலின் கலைஞர், நாஜிகளால் போலந்துக்கு நாடு கடத்தப்பட்டுத் தப்பியவர், 1967ல் ஐவர் குழு ஒன்றைத் தொடங்கினார். 'ஜெர்மன் ஜிப்ஸிகளின் இசை' என்று வெளிப்படையாகத் தலைப்பிட்டுத் தட்டுகள் வெளியிட்டார். அவர் சமூகத்தினர் பலர் பக்கத்து வீட்டுக்காரனிடம்கூடத் தாங்கள் யார் என்று சொல்லத் தயங்கிய காலம் அது. ஜாங்கோவின் தாளக்கட்டு அங்கே அடையாள அட்டையாகிவிட்டது. 1912ன் கையேட்டைப் போல யாரோ திணித்ததாக இல்லாமல், தாங்களே எடுத்து நீட்டும் அட்டை.

கற்பிக்கும் முறை நமக்கு அந்நியமில்லை. நொட்டேஷன் கிடையாது. மாமனும் சித்தப்பாவும் வாசிப்பார்கள், பையன் பார்ப்பான். முதலில் வருடக்கணக்கில் தாளக் கிடார் மட்டும். தனி வாசிப்புக்கு அனுமதி பிறகு. ஜாங்கோவின் 1937ம் ஆண்டுத் தட்டுகளில் உள்ள தனி வாசிப்பைச் சுரம் பிசகாமல் மனப்பாடம் செய்வதுதான் அரிச்சுவடி. இதில் ஒரு வேடிக்கை. நான்கு விரலும் நன்றாக இருக்கிற பையன்களும் சில பிடிகளை இரண்டு விரலாலேயே பழகுகிறார்கள். அப்படி வாசித்தால்தான் அந்த வாக்கியம் சரியாக விழுகிறதாம். குருவின் தொண்டைக்கட்டையும் சேர்த்துப் பாடம் பண்ணிக்கொள்ளும் சிஷ்யர்களை நம் சபாக்களிலும் பார்க்கலாம். ஆனால் இங்கே தீக்காயம் ஒரு இலக்கணமாகவே ஆகிவிட்டது, அதில் அழகும் இருக்கிறது என்பதை மறுக்க முடியாது.

இந்தப் பள்ளியில் தேறியவர்களில் பிரெலி லக்ரேன் 1980ல் 'ரூட்ஸ் டு ஜாங்கோ' ஆல்பத்தைப் பதிவு செய்தபோது வயது 13. ஹாலந்தின் ஸ்டொக்கெலோ ரோசன்பெர்க் தன் உறவுக்காரர்களையே சேர்த்து அமைத்த மூவர் குழு 1993ல் நியூயார்க் கார்னகி அரங்கில் 85 வயது கிராப்பெல்லிக்குப் பக்கவாத்தியம் வாசித்தது. பாரிஸின் சேன்-துவான் பழைய பொருள் சந்தையில் 'ஷோப் தே ப்யூஸ்' என்ற சிறு காப்பிக் கடையில் மோந்தீன் கார்ஸியாவும் மகன் நினீனும் பல பத்தாண்டுகள் வார இறுதிகளில் வாசித்தார்கள். உலகம் முழுவதுமிருந்து வந்த கிடார் பையன்கள் அங்கே ஓரமாக நின்று அவர்கள் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சொத்து அப்பனிடமிருந்து மகனுக்கு மட்டும் போகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். மனூஷ் குடும்பங்களில் பெண் கையில் கிடாரைப் பார்ப்பது அபூர்வம். இந்த இசையைப் பெண்கள் குழுவாக மேடையேற்றக் கனடாவின் மாண்ட்ரியலில் ஒரு கிறிஸ்டின் தாசான் வரவேண்டியிருந்தது. அவர் தன் குழுவுக்கு 'வேஷக்காரிகள்' என்று பொருள்படும் பெயரை வைத்ததில் குறும்பும் உண்டு, கோபமும் உண்டு.

பாணியைக் காக்கிறவர்களுக்குச் சங்கடம் தருபவர் யார் என்றால், ஜாங்கோவேதான். 1946ல் டியூக் எலிங்டனுடன் அமெரிக்கா சுற்றி வந்தார். சார்லி பார்க்கர், டிஸ்ஸி கில்லெஸ்பி தலைமுறையின் பீபாப் இசையைக் கேட்டு அதன் பக்கம் நகர்ந்தார். கிடாரில் மின் ஒலிவாங்கியைப் பொருத்தினார். கடைசி ஆண்டுகளில் தன்னைவிட மிக இளைய பாரிஸ் ஜாஸ்காரர்களோடு டிரம்ஸ், பியானோ வைத்துக்கொண்டு வாசித்தார். 1953ன் பதிவுகளில் 'லா போம்ப்' தாளம் இல்லை. வரிகள் உடைந்து, நின்று, எதிர்பாராத இடத்தில் திரும்புகின்றன. அவற்றைக் கேட்டால் அவர் இன்னும் பத்தாண்டு இருந்திருந்தால் எங்கே போயிருப்பார் என்று யாருக்கும் கேட்கத் தோன்றும். வண்டி முகாம்களில் இந்தப் பதிவுகளை வாசிப்பவர்கள் குறைவு. அங்கே கடிகாரம் 1937ல்தான் நிற்கிறது.

ரத்த வாரிசு எந்தப் பக்கம்? மகன் பாபிக்குக்கு அப்பா இறக்கும்போது ஒன்பது வயதுகூட நிரம்பவில்லை. ரைன்ஹார்ட் என்ற பெயரை வைத்துக்கொண்டு 'மைனர் ஸ்விங்' வாசித்தாலே காலம் தள்ளியிருக்கலாம். அவர் மின் கிடாரை எடுத்து நவீன ஜாஸ் வாசித்தார். 2001ல் இறக்கும்வரை அப்பாவின் நகல் ஆக மறுத்தார். பேரன் டேவிட்டும் மின் கிடார்தான். லக்ரேனின் வழி இன்னும் சுற்றானது. குழந்தை மேதை என்று கொண்டாடப்பட்டவர், 1980களில் பேஸ் கிடாரின் முரடர் ஜாக்கோ பாஸ்டோரியஸுடன் சேர்ந்து வாசித்தார். ஃப்யூஷன், ராக் என்று அலைந்துவிட்டு 2001ல் 'ஜிப்ஸி ப்ராஜெக்ட்' என்ற ஆல்பத்தோடு வீடு திரும்பினார். திரும்பி வந்த கையில் பழைய வரிகளுக்கு நடுவே வெளியுலகச் சரக்கும் ஒட்டிக்கொண்டிருந்தது. இந்தப் பாணியில் வந்த தட்டுகளில் சிறந்தவற்றுள் அதுவும் ஒன்று. போகாமல் இருந்திருந்தால் அப்படி வாசித்திருக்க முடியுமா என்பது சந்தேகமே.

ஆனால் முகாமில் 1937ஐ அப்படியே வாசிக்கும் பையனைச் சோம்பேறி என்று சொல்லிவிட முடியாது. பி.பி. கிங்குக்கு ஜாங்கோ பல ஊற்றுகளில் ஒன்று. வேண்டிய அளவு மொண்டுகொண்டு போகலாம். எழுதிய வரலாறு இல்லாத, இறந்தவர்களைப் பற்றிப் பேசாத, கொலைக்களத்திலிருந்து மிச்சமான ஒரு சமூகத்துக்கு அந்தச் சுரங்களை மாற்றாமல் கையளிப்பது வேறு வகை வேலை. அவன் பிழைப்பும் அதில் இருக்கிறது. ஜாங்கோ நூற்றாண்டைக் கொண்டாடிய அதே 2010ன் கோடையில் பிரெஞ்சு அரசு ரோமா முகாம்களைப் பிரித்தெறிந்து ஆயிரக்கணக்கானோரை ருமேனியாவுக்கும் பல்கேரியாவுக்கும் விமானம் ஏற்றியது. வெளியேற்றப்பட்டவர்கள் மனூஷ் மக்கள் இல்லைதான். வண்டியைக் கண்டால் முகம் சுளிக்கும் ஊர்க்காரர்கள் அந்த வித்தியாசத்தைப் பார்ப்பதில்லை. பயணக் கையேட்டைச் சட்டப் புத்தகத்திலிருந்து பிரான்ஸ் முழுதாக எடுத்தது 2017ல்.

ஜாங்கோ கடைசியாக வாழ்ந்து, மீன் பிடித்து, பில்லியர்ட்ஸ் ஆடிய ஊர் சேன் நதிக்கரையில் உள்ள சாமுவா. 1968ல் அங்கே அவர் நினைவாக ஒரு விழா நடந்தது. 1983 முதல் ஆண்டு விழாவானது. 2016ல் நதி வெள்ளம் புகுந்து அரங்கைப் பக்கத்து ஃபோந்தென்புளோவுக்கு விரட்டியது. விழாவுக்கு வருகிறவர்கள் விவரம் தெரிந்தவர்களாக இருந்தால் மேடைக்கு மட்டும் டிக்கெட் வாங்கிக்கொண்டு திரும்பிவிட மாட்டார்கள். அருகே கூடாரங்களும் சக்கர வீடுகளும் நிற்கும் திடலில்தான் உண்மையான கச்சேரி, நள்ளிரவுக்குப் பிறகு. ஜப்பானியர், அர்ஜெண்டினர், அமெரிக்கர், அல்சாஸிலிருந்து வந்த மனூஷ் பையன்கள் எல்லோரும் நாற்காலியை வட்டமாகப் போட்டுக்கொள்கிறார்கள். பொது மொழி கிடையாது. ஒருவர் 'மைனர் ஸ்விங்' தாளத்தை ஆரம்பிக்கிறார். மூன்றே அடிப்படைக் கார்ட். வட்டம் சுற்றி வரும்போது ஆளுக்கு ஒரு முறை தனி வாசிப்பு. மற்றவர்கள் பம்பு அடித்துக்கொண்டிருப்பார்கள். முடிந்ததும் பத்தடி தள்ளி இன்னொரு வட்டத்தில் அதே பாட்டு மறுபடியும் தொடங்குகிறது.